வாடையோடு வந்த மணி

ஐப்பசி கழிந்து வாடைக்காற்று வீசத் தொடங்கும் காலத்தில் எங்கள் ஊரான வேடந்தாங்கலுக்கு இரண்டு விருந்தாளிகள் வருவதாக என் பால்யத்தில் திடமாக நம்பியிருந்தேன். ஏரிக்குள் இடுப்பளவு நீரில் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களின்மீது கூட்டம் கூட்டமாக வந்திறங்கிய நத்தைக்குத்தி நாரைகளும் கூழைக்கடாக்களும் கரண்டிவாயன்களும் முதலாவது விருந்தாளி. ஊருக்கு வடக்கே இரண்டு கல் தொலைவில், பனைமரங்களுக்குப் பின்னால் கோபுரத்தின் நுனி மாத்திரம் தெரியும் ஒரு சிற்றூர் மாதா கோயிலிலிருந்து நெல்வயல்களைக் கடந்து வந்த மணியோசை இரண்டாவது விருந்தாளி. பங்குனி பிறந்து காற்று தெற்கிலிருந்து திரும்பி வீச ஆரம்பித்ததும் அந்த ஓசை கொஞ்சங்கொஞ்சமாகத் தேய்ந்து, பறவைகள் குஞ்சுகளோடு புறப்பட்டுப் போகும் நாட்களில் முற்றிலும் கேளாது நின்றுவிடும். ஆகையால் மணியும் ஒரு வலசைப் பறவை என்றும், அதுவும் மழையைத் தேடி வந்து வெயிலுக்குப் பயந்து போய்விடுகிறது என்றும் நான் எண்ணிக்கொண்டிருந்ததில் ஆச்சரியம் இல்லை.

காற்றின் திசைதான் இதற்குக் காரணம் என்பதைப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் விளக்கிச் சொன்ன பிற்பாடும் என் மனம் அந்தப் பழைய நம்பிக்கையை முழுவதுமாக விட்டுவிடவில்லை. இத்தனை வருஷங்கள் கழித்து, மணிகளைப் பற்றி நாலு விஷயங்கள் தெரிந்துகொண்ட பிறகு யோசித்துப் பார்க்கும்போது, அந்தச் சிறுபிள்ளை நினைப்பில் ஓர் உண்மை இருந்ததாகவே தோன்றுகிறது. எங்கேயோ பிறந்து, நெடுந்தூரம் பிரயாணம் செய்து, தன்னைக் காப்பாற்றி வைத்துக்கொள்ளும் ஜனங்களைக் கண்ட இடத்தில் தங்கிவிடுகிற பொருள்களில் மணியும் ஒன்று.

எங்கள் ஊரார் காது மிகவும் கூர்மையானது. ஏனெனில் சப்தம் செய்யாமல் வாழப் பழகிய ஊர் அது. தீபாவளியன்று அக்கம்பக்கத்து ஊர்களில் வெடிச் சத்தம் வானைப் பிளக்கும். எங்கள் தெருவிலோ எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புத்தாடை உடுத்திய பிள்ளைகள், வெடி ஒன்றும் இல்லாமலே பண்டிகையைக் கொண்டாடி முடிப்பார்கள். கல்யாண ஊர்வலம் ஏரிக்கரையை நெருங்கும்போது மேளக்காரர் தாமாகவே வாத்தியத்தைத் தாழ்த்திக்கொள்வார். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தால் தனியாக உரம் இட வேண்டிய அவசியம் இல்லை என்பதை எங்கள் முன்னோர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். துப்பாக்கி ஏந்திய கும்பினிச் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊரார் திரண்டு சென்று செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் துரையிடம் முறையிட்டு, பறவைகளுக்குத் தீங்கு செய்யலாகாது என்ற உத்தரவை 1798-ல் வாங்கிக்கொண்டு வந்த சரித்திரத்தை எங்கள் ஆயா சொல்லக் கேட்டிருக்கிறேன். மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கோயிலில் தாயார் சந்நிதித் திருப்பணியோடு சேர்த்துப் பேசப்படுபவரும் அதே பிளேஸ் துரைதான். ஏரியைப் பறவைச் சரணாலயமாக அரசாங்கம் முதலில் அங்கீகரித்தது 1936-ல். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னமேயே ஊர் அந்தத் தர்மத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டுவிட்டது. வேடர்களின் பெயரைத் தாங்கிய ஊர் வேட்டைக்கு விரோதமாக நின்றது எனக்கு இன்றைக்கும் பெருமை தரும் விஷயம்.

அப்படிப்பட்ட ஊரில், விடியற்காலையில் பறவைகளின் கலகலப்புக்கு ஊடே வடக்கிலிருந்து வந்த அந்த ஒரே ஓர் அந்நிய சப்தத்தை ஒருவரும் தொந்தரவாக எண்ணியதில்லை. "மாதா கோயில் மணி அடிச்சாச்சு, இன்னும் என்னடா தூக்கம்?" என்று ஆயா எழுப்புவாள். மத்தியான மணி கேட்டதும் களை எடுக்கும் பெண்கள் வரப்பில் ஏறிக் கஞ்சிக் கலயத்தைத் திறப்பார்கள். சாயங்கால மணிக்கு ஆயா மாடத்தில் விளக்கேற்றிக் கும்பிடுவாள். அந்த மணி எந்தத் தெய்வத்துக்கு உரியது என்ற விசாரம் அவளுக்கு எழுந்ததே இல்லை. வேளை தவறாமல் கூப்பிடுகிற குரல் எதுவோ அது நல்ல குரல் என்பதே அவளுடைய சித்தாந்தம்.

மதுராந்தகத்து உயர்நிலைப் பள்ளியில் என்னோடு ஒரே பலகையில் உட்கார்ந்து படித்த சிநேகிதன் ஒருவன், அந்த மாதா கோயிலின் கோயில்பிள்ளையுடைய பேரன். அவன் கூட்டிக்கொண்டு போய்த்தான் எனக்குப் பன்னிரண்டு வயதில் முதன்முதலாக அந்த மணியைப் பக்கத்திலிருந்து பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. கோயில்பிள்ளை என்றால் கோயிலைப் பெருக்கி, மெழுகுவர்த்தி ஏற்றி, பூசைக்கு வேண்டிய பாத்திரங்களை எடுத்து வைத்து, மணி அடிக்கிறவர். மெலிந்த தேகமும் வெண்மையான மீசையும் உடைய அந்தப் பெரியவரை நானும் தாத்தா என்றே அழைத்தேன். அவரோ என்னை, அடுத்த ஊர்ப் பிள்ளை என்ற மரியாதைக்காக, "வாங்க தம்பி, பறவை ஊர்த் தம்பி" என்று பன்மையில் அழைத்தார்.

குறுகலான படிகளில் வௌவால் நாற்றத்துக்கு நடுவே ஏறிப் போனோம். மேலே, கருங்காலி உத்தரம் ஒன்றில், பச்சைப் பாசி படர்ந்தாற்போல் களிம்பேறி அந்த மணி தொங்கிக்கொண்டிருந்தது. அதன் தோளில் எங்களுக்குத் தெரியாத பாஷையில் ஒரு வரி. இடுப்பில் ஒரு சிலுவை. உட்புறத்தில், வருஷக்கணக்காக ஒரே இடத்தில் மோதி மோதிப் பளபளத்துப்போன உதடு. "கப்பலில் சீமையிலிருந்து வந்தவள்" என்று தாத்தா சொன்னார். மணியை அவர் "அவள்" என்றே குறிப்பிடுவார். அதற்குக் காரணம் உண்டு. கோயில் மணியைக் கட்டுவதற்கு முன் மேற்றிராணியார் அதைத் தீர்த்தத்தால் கழுவி, பரிசுத்த தைலம் பூசி, சாம்பிராணிப் புகை காட்டி, ஒரு பெயரும் சூட்டுவது பழைய சம்பிரதாயம். சிசுவுக்கு ஞானஸ்நானம் கொடுப்பது போன்ற அந்தச் சடங்குக்குப் பிறகு மணி ஓர் ஆளாகிவிடுகிறது.

அன்றைக்கு மத்தியான மணியை அவர் அடிப்பதைப் பார்த்தேன். மும்மூன்றாக மூன்று தரம்; ஒவ்வொரு மூன்றுக்கும் இடையே ஒரு சிறு ஜெபம் சொல்லி முடிக்கும் அவகாசம்; பிறகு ஓயாமல் சற்றுநேரம். கயிற்றை விட்டதும் அவர் செய்த காரியத்தைத்தான் நான் ஆயுள் முழுவதும் மறக்கவில்லை. என் வலது கையைப் பிடித்து, விரித்த உள்ளங்கையை மணியின் இடுப்பில் பதித்து வைத்தார். காதுக்கு ஓசை அநேகமாக அடங்கிவிட்டது. கைக்கோ, உறங்கும் பசுவின் விலாவைத் தொட்டாற்போல், உள்ளே ஏதோ நடமாடிக்கொண்டிருப்பது தெரிந்தது. நெடுநேரம் கழித்தே அது நின்றது. "காது கேட்டு முடிச்ச பிறகும் அவ பேசிக்கிட்டே இருப்பா தம்பி. கேக்கறவன் கையை வைக்கணும்" என்றார்.

மணியின் பாஷையையும் அவரே எனக்குக் கற்பித்தார். பெரியவர்கள் இறந்தால் ஒற்றை ஒற்றையாக, அடுத்த அடி வருமோ வராதோ என்று நெஞ்சு பதைக்கும்படி இடைவெளி விட்டு அடிக்கும் துக்க மணி. பூசைக்கு முதல் மணி, இரண்டாம் மணி. திருநாளுக்கு ஆரவார மணி. ஞானஸ்நானம் பெற்ற பச்சைக் குழந்தை இறந்துபோனால் துக்க மணி கிடையாது. பாவமறியாத ஆத்துமா நேரே மோட்சத்துக்குப் போகிறபடியால் திருநாளைப் போலவே அடிக்க வேண்டும் என்பது முறையாம். இதைச் சொன்னபோது அவர் குரல் தாழ்ந்தது. அவருடைய மூன்றாவது குழந்தை ஆறு மாதத்தில் இறந்த அன்று, வேறு ஆள் இல்லாததால் அவரே கோபுரத்தில் ஏறி அந்த ஆரவார மணியை அடித்தாராம். வழிப்போக்கர்கள் என்ன விசேஷம் என்று கேட்டார்களாம். சொல்லிவிட்டு, கயிற்றை நிதானமாகச் சுருட்டி ஆணியில் மாட்டினார்.

வருஷத்தில் இரண்டு நாள் மணிக்கு வாயே கிடையாது. பெரிய வியாழக்கிழமைப் பூசையில் ஆனந்த கீதத்தின்போது மணிகளெல்லாம் ஒருமிக்க ஒலித்து ஓய்ந்தால், பெரிய சனிக்கிழமை இரவுப் பூசையில் அதே கீதம் மறுபடி எழும்வரையில், மரப்பலகையில் தட்டித்தான் ஜனங்களை அழைக்க வேண்டும். வாலிபத்தில் புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக் குருவானவரிடம் ஊழியம் செய்திருந்த தாத்தா, அந்தத் தேசத்துக் குழந்தைகளுக்குப் பெரியவர்கள் சொல்லும் கதையை எங்களுக்கும் சொன்னார்: அந்த நாட்களில் மணிகளெல்லாம் கோபுரத்தை விட்டுக் கிளம்பி ரோமாபுரிக்குப் பறந்து போய், உயிர்த்த திருநாளுக்குத் திரும்பி வந்துவிடுகின்றன என்பது அந்தக் கதை. நான் திடுக்கிட்டுப்போனேன். மணியும் பறக்கும் ஜாதிதான் என்பதைக் கண்டுபிடித்தது நான் ஒருவன் மட்டுமல்லவென்று அறிந்ததில் எனக்கு உண்டான சந்தோஷத்துக்கு அளவில்லை.

நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது அந்த மணி விரிந்துபோயிற்று. தேர்த் திருநாளன்று தாத்தா காய்ச்சலாகப் படுத்திருந்தார். உற்சாகம் மிகுந்த இளைஞர் சிலர் கோபுரத்தில் ஏறினார்கள். மணியை வீசி அடிக்க வலு வேண்டும் என்பதற்காக, நாக்கில் ஒரு கயிற்றைக் கட்டிப் பக்கவாட்டில் இழுத்து இழுத்து அடித்திருக்கிறார்கள். வீசி அடிக்கும்போது நாக்கு உதட்டைத் தொட்ட கணமே விலகிவிடும். கயிற்றால் இழுக்கும்போது அது உலோகத்தோடு அழுந்தி நின்று, துடிக்கிற உடம்பைத் துடிக்க விடாமல் தடுத்துவிடும். அப்படித் தடுக்கப்பட்ட அதிர்ச்சிதான் விரிசலாக வெளிப்படுகிறது. உலகத்தில் எத்தனையோ நல்ல மணிகள் இவ்விதமாகவே பாழாகியிருக்கின்றன. மறுநாள் காலையில் வாடையில் வந்தது, ஓட்டைப் பாத்திரத்தைத் தட்டினாற்போன்ற ஒரு சத்தம். ஆயா படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, "பாவம், அதுக்கு என்னமோ ஆயிப்போச்சு" என்றாள்.

விரிந்த மணியை ஒட்டவைக்க முடியாது; உருக்கி மறுபடி வார்ப்பது ஒன்றே வழி. கும்பகோணத்துப் பக்கத்துக் கன்னார் ஒருவரிடம் அதைக் கொண்டுபோவதென்று தீர்மானமாயிற்று. உருக்கும்போது கொஞ்சம் உலோகம் நெருப்பில் சேதமாகும் என்பதால் வீட்டுக்கு வீடு பழைய பாத்திரம் கேட்டார்கள். செம்பு ஏறக்குறைய நாலு பங்கு, வெள்ளீயம் ஒரு பங்கு என்ற கணக்கில் கலந்தால்தான் வெண்கலத்துக்கு அந்தக் கணீரென்ற நாதம் உண்டாகும். துத்தநாகம் கலந்த பித்தளை அதற்கு உதவாது. அதனால் பித்தளைக் குடங்களையும் சொம்புகளையும் தாத்தா வணக்கத்தோடு திருப்பிக் கொடுத்துவிட்டு, வெண்கலப் பாத்திரங்களை மட்டுமே வாங்கிக்கொண்டார். இந்தச் செய்தி சிநேகிதன் மூலமாக எங்கள் வீட்டுக்கும் வந்தது.

ஆயாவிடம் ஒரு வெண்கலப் பானை இருந்தது. அவள் கல்யாணத்துக்குச் சீராக வந்தது. முப்பது நாற்பது தைப் பொங்கல்களுக்கு வாசலில் பொங்கியது. கழுத்தில் விரிசல் கண்டு பரணில் ஏறி அநேக வருஷங்கள் ஆகியிருந்தன. ஒன்றும் பேசாமல் அதை இறக்கி, புளி போட்டுத் துலக்கி, அடியில் ஒரு பொட்டுக் குங்குமம் வைத்து என்னிடம் நீட்டினாள். "இது வீட்டுல சும்மா கிடந்து என்ன பண்ணப்போவுது? அங்கே போனா தினம் மூணு தடவை பேசும்" என்றாள். அந்தப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பு வழியாக நான் நடந்ததும், தாத்தா அதை இரு கைகளாலும் வாங்கி, விரலால் சுண்டிப் பார்த்து, "நல்ல வெண்கலம், நல்ல வீட்டு வெண்கலம்" என்று சொன்னதும் நேற்று நடந்தாற்போல் இருக்கிறது.

தாத்தா லாரியில் மணியோடு கூடவே போனார். களிமண்ணும் வண்டலும் குழைத்து உட்கருவைச் செய்து, அதன்மேல் மணியின் கனத்துக்கு மெழுகு பூசி, அதற்கும் மேலே மண் போர்த்து, சூட்டில் மெழுகை வெளியேற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருகிய வெண்கலத்தைப் பாய்ச்சுவதை அவர் மூன்று நாள் உடனிருந்து பார்த்தார். பழைய மணி உடைத்து மூசையில் போடப்பட்ட தருணத்தில் மட்டும் வெளியே போய் நின்றுவிட்டாராம். புது மணி வந்து கட்டப்பட்ட மார்கழி மாதத்தில், முதல் ஓசை எங்கள் வாசலை எட்டியபோது நான் ஆயாவைப் பார்த்தேன். பழைய குரலைவிடச் சற்றே கனத்த குரல். ஓயும்போது நீளமான ஒரு ரீங்காரம். ஆயா தலையைச் சாய்த்துக் கேட்டு, "நம்ம பானை" என்றாள். அதற்குப் பிறகு, அவள் உயிரோடிருந்த காலம் முழுவதும், அந்த மணிக்கு எங்கள் வீட்டில் வேறு பெயர் கிடையாது.

ஜீவனத்தை உத்தேசித்து நான் சென்னைக்கு வந்து, பாரிமுனையில் ஒரு காகித மண்டியில் கணக்கு எழுதும் வேலையில் அமர்ந்தேன். பட்டணத்தின் இரைச்சலில் என் ஊர்க் காது மிகவும் துன்பப்பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணி சுமாருக்குக் கடைகள் அடைத்திருந்த அரண்மனைக்காரன் தெருவின் வழியாக நடந்துகொண்டிருந்தபோது, தலைக்கு மேலே ஒன்றன்பின் ஒன்றாகச் சில மணிகள் ஒலித்தன. அந்தத் தெருவில் எந்த அரண்மனையும் இருந்ததில்லை. அர்மீனியக்காரர் தெரு என்பது ஜனங்கள் வாயில் அரண்மனைக்காரன் தெருவாகிவிட்டது. தெரியாத பெயரைத் தெரிந்த சொல்லாக மாற்றித் தனதாக்கிக்கொள்வது தமிழனின் சுபாவம். ஒலி வந்த கதவைத் தள்ளி உள்ளே போனேன். செண்பக மரங்களும் தரையில் பதித்த கல்லறைக் கற்களுமாக, பட்டணத்தின் நடுவே ஒரு பெரிய மௌனம் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

கன்னி மரியாள் பெயரால் விளங்கும் அந்த அர்மீனியத் தேவாலயம் முதலில் 1712-ல் எழுந்து, இப்போதுள்ள வடிவில் 1772-ல் கட்டப்பட்டது. பாரசீகத்து ஜுல்பாவிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் பட்டும் இரத்தினமும் விற்க வந்த அர்மீனிய வணிகர் இந்தப் பட்டணத்தைத் தம்முடையதாகவே பாவித்து வாழ்ந்தார்கள். சைதாப்பேட்டையில் அடையாற்றின்மீது 1726-ல் பாலம் கட்டியவரும், பரங்கிமலைக்குக் கல்படிகள் அமைத்தவரும் கோஜா பெத்ரோஸ் ஊஸ்கான் என்ற அர்மீனியரே. உலகத்தில் அர்மீனிய பாஷையில் வெளிவந்த முதல் சஞ்சிகையான 'அஸ்தரார்' 1794-ல் இந்தச் சென்னையில்தான் அச்சாயிற்று. அதை நடத்திய குருவானவர் ஹருத்யூன் ஷ்மாவோனியான் அந்தத் தேவாலயத்து மண்ணிலேயே துயில்கிறார். அவர்கள் வந்தார்கள், சம்பாதித்தார்கள், தர்மம் செய்தார்கள், மெள்ள மெள்ளக் குறைந்து இல்லாமலும் போனார்கள். மணிகள் மாத்திரம் தங்கிவிட்டன.

கோயிலை ஒட்டித் தனியே நிற்கும் கோபுரத்தில் ஆறு மணிகள் உள்ளன. இருபத்தோரு அங்குலம் முதல் இருபத்தாறு அங்குலம் வரையில் அளவு உடையவை. ஒவ்வொன்றும் 150 கிலோ சுமார் எடை. எல்லாம் ஒரே காலத்தில் பிறந்தவை அல்ல. இரண்டில் 1837 என்ற ஆண்டும், லண்டன் வார்ப்புக்காரர் தாமஸ் மியர்ஸ் என்பவர் பெயரும் பொறித்திருக்கின்றன. அமெரிக்கர்கள் சுதந்திரத்தின் சின்னமாகப் போற்றும் மணியை 1752-லும், லண்டன் பார்லிமெண்டு மாளிகையின் பிக் பென் மணியை 1858-லும் வார்த்த ஒயிட்சாப்பல் வார்ப்படச் சாலைதான் அந்த மியர்ஸ் குடும்பத்தாருடையது. பல நூற்றாண்டுகள் எரிந்த அதன் உலையும் 2017-ல் அணைந்துவிட்டது. ஆயினும் என்னைத் தடுத்து நிறுத்தியது அந்த லண்டன் மணிகள் அல்ல. அந்த ஆறிலும் மூத்த மணிதான்.

அந்த மணிக்கு இரண்டு பிறப்பு. 1754-ஆம் ஆண்டைச் சொல்லும் அர்மீனிய எழுத்துகள் அதில் இருக்கின்றன. அப்படியானால் அது தான் தொங்குகிற கோயிலைக் காட்டிலும் பதினெட்டு வயது மூத்தது. பிறகு 1808-ல் அதை உருக்கி மறுபடி வார்த்திருக்கிறார்கள். அந்த மறுபிறப்பில் அதன்மேல் தமிழ் எழுத்தும் ஏறியிருக்கிறது. காவற்காரர் அனுமதி கொடுக்க, நான் படியேறிப் போய் அந்த எழுத்துகளைக் கண்டபோது, தூசியும் களிம்புமாக இருந்த அவற்றைப் படிக்கவேண்டும் என்று தோன்றுவதற்கு முன்னால் தொடவேண்டும் என்றே தோன்றிற்று. எந்தக் கன்னார் அதை வார்த்தாரோ, யார் கை அந்த எழுத்துகளை மெழுகிலோ மண்ணிலோ வரைந்ததோ, அறிய வழியில்லை. ஆனாலும் அர்மீனியரின் மணி தன் இரண்டாம் ஜன்மத்தில் தமிழ் பேசத் தொடங்கிய அதிசயத்தைக் கண்ணெதிரே கண்டபோது, குங்குமப் பொட்டு வைத்த ஒரு வெண்கலப் பானை என் நினைவில் வந்து நின்றது.

அதன்பின் மணிகளைத் தேடிப்போவது எனக்கு ஒரு விரதம்போல் ஆயிற்று. விடுமுறையில் ஊருக்குப் போகும்போது கடற்கரை வழியைத் தேர்ந்தெடுத்துக் கோவளத்தில் இறங்குவேன். அங்கே கடலைப் பார்த்து நிற்கும் கார்மேல் மாதா கோயிலைப் போர்ச்சுக்கீசிய வணிகர் ஜான் டி மாண்டி கட்டியது 1808-ல். அரண்மனைக்காரன் தெரு மணி மறுபிறவி எடுத்த அதே வருஷம். மாமல்லபுரத்துக்குப் போகும் வழியில் ஒரு செம்படவப் பெரியவர், மேகமூட்டமுள்ள விடியற்காலங்களில் கரை தெரியாமல் கட்டுமரம் தத்தளிக்கும்போது, கோயில் மணி வந்த திசையை வைத்தே துடுப்பைத் திருப்பியிருப்பதாகச் சொன்னார். தமிழ்நாட்டுக் கரையில் கிறிஸ்தவர்களின் மணி கோபுரத்தில் மட்டுமல்ல, ஒரு மனிதரின் கையிலும் ஒலித்திருக்கிறது. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் சிறு கைமணியை ஆட்டிக்கொண்டே தெருத்தெருவாகப் போய்க் குழந்தைகளைக் கூட்டுவது வழக்கம். கையில் இருந்த மணி குழந்தைகளைக் கூட்டிற்று; கோபுரத்து மணி கடலிலிருப்பவனுக்கும் வழிகாட்டிற்று.

கடலுக்கு அப்பால் போன ஒரு தமிழ் மணியின் வரலாறும் அக்காலத்தில் என் கண்ணில் பட்டது. நியூசிலாந்தில் 1836-ஐ ஒட்டிய காலத்தில் வில்லியம் கொலென்ஸோ என்ற மிஷனரி, மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்த ஒரு விசித்திரமான பாத்திரத்தைக் கண்டார். உற்றுப் பார்த்தால் அது உதடு உடைந்த ஒரு வெண்கல மணி. விளிம்பைச் சுற்றித் தமிழ் எழுத்துகள். முகையதீன் பக்ஷ் என்பவருடைய கப்பலின் மணி அது என்று பிற்பாடு வாசித்தறிந்தார்கள். ஒரு சாணுக்கும் குறைவான அந்தச் சின்னஞ்சிறு மணி, நம் கரையிலிருந்து எந்தப் புயலில் எப்படி அங்கே ஒதுங்கிற்று என்பதை ஒருவராலும் சொல்ல முடியவில்லை. வெலிங்டன் நகரத்துத் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இன்று அது பத்திரமாக இருக்கிறது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் ஊர்ப் பானை மணியாயிற்று. அந்தக் கப்பல் மணி பானையாயிற்று. அந்தப் பெண்கள் அதைக் குப்பையில் எறியாமல் அடுப்பில் ஏற்றிக் காப்பாற்றினார்களே என்று, முகம் அறியாத அவர்களை மனத்துக்குள் வாழ்த்தினேன்.

மணியின் சரித்திரம் என்று நாம் எழுதி வைப்பது அதை வார்த்தவர் பெயரும், கொடுத்தவர் பெயரும், எடையும், ஆண்டும். அவையெல்லாம் வேண்டியவையே, அவற்றைத் தேடி நானும் அலைந்திருக்கிறேன். ஆனால் ஒரு மணி ஒலித்துக்கொண்டே இருப்பதற்குக் காரணம், அதைத் தம்முடையதென்று எண்ணிக் கேட்கிற ஜனங்கள். அர்மீனியர் இல்லாத அர்மீனியக் கோபுரத்தில் ஞாயிறுதோறும் கயிற்றை இழுக்கிற கை யாருடையதோ அவருடையதுதான் அந்த மணி. தெருவில் போகிற மூட்டை சுமப்பவர் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தால் அவருடையதும்தான். தூரதேசத்திலிருந்து வந்த நாரையைத் தன் பிள்ளையென்று சொல்லிக் கலெக்டர் கச்சேரி வரையில் நடந்துபோன என் ஊராருக்கு இந்த உண்மை தெரிந்திருந்தது.

சென்ற மார்கழியில் ஊருக்குப் போயிருந்தேன். ஆயாவும் தாத்தாவும் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷங்கள் ஆகிவிட்டன. என் சிநேகிதனும் இப்போது ஒரு தாத்தா. சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போய், இருவருமாகக் கைத்தடி ஊன்றிக் கோபுரத்தில் ஏறினோம். ஜன்னல் வழியே தெற்கில் எங்கள் ஏரியின் மேலே, அன்றைய இரையை முடித்துக்கொண்ட பறவைகள் வரிசை வரிசையாக வட்டமிட்டு இறங்குவது தெரிந்தது. அவனுடைய பேரன் கயிற்றை இழுத்தான்: மும்மூன்றாக மூன்று தரம், பிறகு ஓயாமல். ஏரியின் மேலே ஒரு பறவையும் வரிசை கலையவில்லை. அவற்றின் பாட்டன் பாட்டி காலத்திலிருந்தே கேட்டுப் பழகிய குரல் அல்லவா?

பையன் கயிற்றை விட்டதும், நான் அவனுடைய கையைப் பிடித்து மணியின் இடுப்பில் பதித்து வைத்தேன். பக்கத்தில் என் கையையும் வைத்துக்கொண்டேன். அவன் கண்களை அகல விரித்து, "இன்னும் அடங்கல தாத்தா" என்றான். அது அடங்கும்வரையில் நாங்கள் மூவரும் பேசாமல் நின்றோம்.